இலைமேல் ஒரு இளஞ்சிவப்புக் குடித்தனம்

கேள்வி: உளுந்து வாடுகிறதே என்று பிபிஎஃப்எம் என்ற பாக்டீரியாக் கரைசலை வாங்கித் தெளித்தேன். எனக்கு மத்தியானம்தான் நேரம் கிடைத்தது. பக்கத்து வயல் அளவுக்கு என் வயலில் காய் பிடிக்கவில்லை. பாக்டீரியா தெளித்தால் செடி வறட்சி தாங்கும் என்பது நிஜம்தானா?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: நிஜம்தான் ஐயா. ஆனால் மத்தியான வெயிலில் தெளித்ததுதான் இடிக்கிறது. குப்பியில் இருப்பது உயிர். இலையில் ஒட்டிப் பிழைக்கும் முன்பே காய்ந்திருக்கும்.

பிபிஎஃப்எம் குப்பியிலுள்ள அந்த பாக்டீரியாவின் பெயர் மெத்தைலோபாக்டீரியம். வெளியிலிருந்து வந்த விருந்தாளி இல்லை. உங்கள் உளுந்து இலையில் ஏற்கெனவே குடியிருப்பதுதான். இலை வளரும்போது செல் சுவரிலுள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து மெத்தனால் என்ற ஆல்கஹால் பிரிந்து இலைத்துளை வழியாக வெளியேறும். செடி வேண்டாமென்று விடும் அதையே இது சாப்பிடும். சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்காது, சைட்டோகைனின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைச் சுரக்கும். சைட்டோகைனின் இலையைச் சீக்கிரம் பழுக்க விடாது. மழை பொய்க்கும் நாட்களில் இலை பச்சையாக நின்றால்தானே காய்க்குச் சாப்பாடு போகும்?

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சியில் பச்சை இலையை, நுண்ணுயிர் வளர்க்கும் அகார் தட்டில் அழுத்தி எடுத்தோம். சில நாளில் இலையின் வடிவத்திலேயே இளஞ்சிவப்புப் புள்ளிகள் முளைத்திருந்தன. அதுவரை நானும் நம்பாத ஆள்தான்.

நம்பிய பிறகும் தப்பு செய்தேன். தாமிரப் பூசணக்கொல்லி அடித்த டேங்கைச் சரியாகக் கழுவாமல், அதிலேயே பிபிஎஃப்எம் கலந்து என் வீட்டு மிளகாய்க்கு அடித்தேன். தாமிரம் பாக்டீரியாவையும் கொல்லும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்! பயிர் நோய்க்குத் தெளிக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாவுக்கும் இதே கதைதான். ரசாயன மருந்தோடு கலக்காதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள்.

காலையிலோ சாயங்காலமோ தெளியுங்கள். குப்பியை வண்டிப் பெட்டியில் வைத்து வெயிலில் நிறுத்தாதீர்கள். வாங்கும்போதே காலாவதித் தேதியைப் பார்த்துவிடுங்கள். கருகிய செடியை இது எழுப்பாது, வாட்டம் தொடங்கும்போதே கொடுக்க வேண்டும்.

அப்புறம், பக்கத்து வயலோடு ஒப்பிடாதீர்கள். அவர் விதை வேறு, விதைத்த நாள் வேறு, தண்ணீர் வேறு. அடுத்த முறை உங்கள் வயலிலேயே நாலு வரிசையைத் தெளிக்காமல் விட்டு, காயை எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.