தோட்டப் பதிவேட்டில் பிறப்பு குறைந்தால் பிள்ளைப்பேறு குறைந்ததாகுமா?

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் நூற்றாண்டு மலருக்குத் தோட்ட வரலாறு எழுதுகிறேன். இலங்கையில் இந்திய வம்சாவளித் தமிழர் 1971இல் 11 இலட்சத்து 74 ஆயிரம். 1981இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். "எல்லாம் கருத்தடை ஆப்பரேஷன் செய்த வேலை" என்கிறார் அப்பா. டிஸ்பென்சரியில் கிடைத்த பழைய பிறப்புப் பதிவேட்டிலும் எண்ணிக்கை வரவர இறங்குகிறது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே பிறப்பு வீதம் வீழ்ந்து வந்தது என்று எழுதிவிடலாமா?
(ஓர் ஆசிரியை, மஸ்கெலியா)

பதில்: எழுதிவிடாதீர்கள், டீச்சர். ஆள்தொகை குறைவது ஒன்று, பிறப்பு குறைவது வேறொன்று. மலையகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது.

குடிசன மதிப்பில் காணாமற்போன அந்த மூன்றரை இலட்சம் பேரை முதலில் தேடுவோம். கருத்தடை இனிப் பிறக்கப்போகிறவர்களைத் தடுக்கும். செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பேரேட்டில், ஏற்கெனவே பேர் விழுந்துகொண்டிருப்பவர்களை அழிக்காது. அவர்கள் கப்பல் ஏறிப் போனார்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964இல் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், குடியுரிமையற்றிருந்த இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தலைமன்னார் வழியாகப் பெருங்கூட்டம் போனது 1970களில்தான். போனவர்கள் குடும்பத்தோடு போனதால், இங்கே பிறந்திருக்க வேண்டிய பிள்ளைகளும் அவர்களோடு போய்விட்டார்கள். 1973 - 74 பஞ்சத்தில் தோட்டங்களில் சாவு கூடியது. வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறியவர்களும் உண்டு. குடிசன மதிப்பில் "இலங்கைத் தமிழர்" என்று பதிந்துகொண்டவர்களும் உண்டு. அப்பா சொல்லும் ஆப்பரேஷனுக்கு அரசாங்கம் பணம் கொடுக்கத் தொடங்கியதோ 1980இல். மறு ஆண்டே ஆள் எண்ணியாகிவிட்டது. ஓராண்டில் அது எத்தனை பேரைக் குறைத்திருக்க முடியும்?

அப்பாவின் ஆதங்கத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அந்தப் பணம் பின்னர் 500 ரூபாயாக உயர்ந்தது. அன்றைக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது பல வாரக் கூலி. காசும் நிர்வாகத்தின் சொல்லும் சேர்ந்து வரும்போது கிடைத்த சம்மதம் எவ்வளவு தூரம் சம்மதம் என்பது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குத் தனி அத்தியாயமே எழுதலாம். ஆனால் 1971 - 1981 அட்டவணைக்குக் காரணமாக அதைக் காட்டினால், நாடு கடத்திய ஒப்பந்தத்துக்கு நீங்களே விடுதலை கொடுத்ததாகிவிடும்.

இதே விளையாட்டு காலனித்துவ காலத்திலும் நடந்தது. 1931இல் 8,18,000ஐத் தாண்டியிருந்த தொகை 1946இல் 7,80,000 ஆயிற்று. அப்போதும் பிள்ளைப்பேறு நின்றுவிடவில்லை. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இங்கே வருவதைத் தடைசெய்தது, பலர் ஊர் திரும்பினார்கள்.

இன்னும் பின்னால் போனால் எண்கள் வேறு விதமாக ஏமாற்றும். கோப்பிக் காலத்தில் மலையேறியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறித்து முடிந்ததும் திரும்பிவிடுவார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றி, அந்தப் பயிர் அழிந்து தேயிலை வந்தபோதுதான் ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள், குடும்பங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தங்கின. பிறப்பு வீதமோ ஆயிரம் பேருக்கு இத்தனை பிறப்பு என்று ஆணையும் பெண்ணையும் சேர்த்து வகுக்கும் கணக்கு. ஆயிரம் பேரில் 240 பெண்கள் இருந்து, பன்னிரண்டு பெண்களுக்கு ஆண்டில் ஒரு பிள்ளை என்றால் வீதம் 20. அதே கணக்கில் 480 பெண்கள் இருந்தால் 40. எந்தப் பெண்ணும் கூடுதலாக ஒரு பிள்ளை பெறாமலே வீதம் இரட்டித்துவிடுகிறது! ஆகவே பழைய அறிக்கைகளில் தோட்டங்களின் வீதம் தாழ்வாக இருந்தால், பக்கத்து வரியில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். முடிந்தால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களின் தொகையால் வகுத்துப் பாருங்கள். அது ஓரளவு நேர்மையான எண்.

இனி உங்கள் கையிலுள்ள பதிவேடு. இலங்கையில் பிறப்பைப் பதிவது பிறந்த இடத்தில். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன பெண்ணின் பிள்ளை அடுத்த தோட்டத்துக் கணக்கில் விழும். லயத்தில் மருத்துவிச்சி பார்த்த பிரசவம் போய், லொறியில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் காலம் வந்ததும், தோட்டத்து ஏடு வெறிச்சோடிப்போகும். தொட்டில்கள் குறைந்திருக்க வேண்டியதில்லை. இதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 1939இன் பிரசவ நன்மைச் சட்டப்படி, பெண் எங்கே பெற்றாலும் அவள் பேர் பதிந்த தோட்டமே பிரசவப் பணம் கொடுக்க வேண்டும். பழைய சம்பளப் புத்தகங்கள் கறையானுக்குத் தப்பியிருந்தால், அந்தப் பணம் பெற்றவர்களை ஆண்டுவாரியாக எண்ணுங்கள். பிள்ளைக் காம்பரா (வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) இடாப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்திலிருந்த பெண்களின் தொகையால் வகுத்த பிறகும் மூன்றும் சேர்ந்து இறங்கும் பத்தாண்டுதான் உண்மையான வீழ்ச்சி தொடங்கிய பத்தாண்டு.

அந்த வீழ்ச்சி நிச்சயம் நடந்தது. ஆனால் பெரும்பாலும் வெள்ளைக்காரன் போன பிறகு. நாடளாவிய எண்களில் பெண்களின் சராசரி மண வயது 1901இல் 18.3, 1946இல் 20.7, 1981இல் 24.4. முதல் பிள்ளை ஆறு ஆண்டு தள்ளிப்போனால் கடைசி இரண்டும் பிறப்பதில்லை. குடும்பக் கட்டுப்பாடும் 1980இல் முளைத்ததல்ல. சுவீடன் உதவியுடன் 1958இல் உடன்பாடான முன்னோடித் திட்டத்துக்குத் தேர்ந்த இடங்களில் ஒன்று டயகம தோட்டம். குழந்தைச் சாவு குறைந்ததும் முக்கியம்: ஒன்பது பெற்று நாலைப் பறிகொடுத்த பாட்டியின் கணக்கு பேத்திக்குத் தேவைப்படவில்லை. கூலியையும் மறவாதீர்கள். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலைநாட்டுக்கு முதலில் வகுத்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. பிரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில்) நின்று சம்பாதித்த பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், வரவாக இருந்தவன் செலவாகிவிட்டான்.

ஏடுகள் கிடைக்காவிட்டால் லயத்துப் பெரியம்மாக்களிடம் கேளுங்கள். "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் இருப்பவர்களைத்தான் சொல்வார்கள், "எத்தனை பெற்றீர்கள், எத்தனை தங்கியது?" என்று கேளுங்கள். தாயின் பிறந்த பத்தாண்டுப்படி பதில்களைப் பிரியுங்கள். கப்பலில் போன குடும்பங்களின் பெண்கள் இந்தக் கணக்கில் இல்லை என்பதை அட்டவணைக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். ஆப்பரேஷன் பற்றிச் சொன்னவர்களின் பேரையோ லய இலக்கத்தையோ மலரில் போடாதீர்கள். பிறந்த பத்தாண்டு மட்டும் போதும்.