புலிக் காட்டைக் காப்பது யார்? ஓய்வுபெற்ற வனச்சரகரிடம் சில கேள்விகள்

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புலிக் காப்பகம், காட்டு வேலை, சட்டம் பற்றிக் கேளுங்கள். பறவை அடையாளமும் பாம்பு அடையாளமும் எனக்கு அவ்வளவாக வராது. அதைத் தெரிந்தவர்களிடம் கேட்பதுதான் நல்லது.

கல்லூரி மாணவி: புலிக் காப்பகத்தை நடத்துவது தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமா, மாநில வனத்துறையா?

காடும் ஆட்களும் மாநில வனத்துறையுடையவை. ரோந்து போகிறவர், தீ அணைக்கிறவர், வழக்குப் போடுகிறவர் எல்லாரும் மாநில ஆட்கள்தான். ஆனால் கடிவாளம் ஆணையத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு காப்பகத்துக்கும் புலிப் பாதுகாப்புத் திட்டம் எழுதி அதன் ஒப்புதல் வாங்க வேண்டும். மத்திய அரசின் பணம் அந்தத் திட்டத்தை வைத்துத்தான் வரும். மாநிலம் நினைத்தாலும் காப்பகத்தின் எல்லையைத் தன்னிஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

இந்த அதிகாரம் சும்மா வரவில்லை. 1973-இல் 9 காப்பகங்களோடு புலித் திட்டம் தொடங்கியபோது அது வெறும் அரசுத் திட்டம், சட்ட பலம் கிடையாது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் 2005 வாக்கில் ஒரு புலிகூட இல்லை என்று தெரிய வந்தது. கணக்கில் புலி இருந்தது, காட்டில் இல்லை. நாடே அதிர்ந்த பிறகுதான் 2006-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி ஆணையத்துக்குச் சட்ட பலம் கொடுத்தார்கள். அப்படியும் 2009-இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னாவில் புலி மிஞ்சவில்லை. சட்டம் தில்லியில் இருந்தால் போதாது. தினமும் யாராவது காட்டைக் காலால் அளக்க வேண்டும்.

வார இறுதிப் பயணி: முதுமலையில் எந்த இடத்தில் நின்றால் புலி தெரியும்?

அப்படி ஓர் இடம் கிடையாது. காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். குரங்குக்கும் மானுக்கும் எதையும் வீசாதீர்கள்.

ஆசிரியர்: புலிகளை எப்படி எண்ணுகிறார்கள்? ஒரே புலியை இரண்டு தடவை எண்ணிவிட மாட்டார்களா?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்தச் சந்தேகம் நியாயமானது. அப்போது கால்தடத்தை வைத்துத்தான் கணக்கு. ஈர மண்ணில் அகலமாகவும் காய்ந்த மண்ணில் ஒடுங்கியும் தெரியும் தடம் ஒரே புலியுடையதாக இருக்கலாம். அதை இரண்டு புலி என்று எழுதியவர்களும் உண்டு.

இப்போது தானியங்கி கேமராக்கள். காட்டுப் பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் ஒன்றுக்கொன்று எதிராகக் கட்டுவோம். ஏன் இரண்டு என்றால், ஒரே புலியின் இடது விலாவில் உள்ள வரி வலது விலாவில் இருக்காது. ஒரு பக்கப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் மறுபடி அதே குழப்பம்தான். நம் கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு. நாடு முழுவதும் 2006-இல் 1,411 என்று இருந்த மதிப்பீடு 2022-இல் 3,682 ஆனது. கவனியுங்கள், இது மதிப்பீடு. ஒரு வயதுக்குக் குறைந்த குட்டிகள் இதில் சேராது.

விவசாயி: இப்போதும் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு வருகிறார்களா?

வருகிறார்கள். ஆனால் நான் அதிகம் பயந்தது சுருக்குக் கம்பிக்குத்தான். பைக்கின் கிளட்ச் கம்பி ஒன்று போதும். காட்டுப்பன்றிக்கு என்று வேலி ஓரத்தில் கண்ணி வைப்பார்கள். அதில் பன்றிதான் மாட்டும் என்று யார் சொன்னது?

ஒருமுறை ஓடைக்கரையில் ஒரு சிறுத்தையைப் பார்த்தோம். இடுப்பில் சுருக்கு இறுகி, சுற்றிலும் ஆறடிக்கு மண்ணைப் பிறாண்டியிருந்தது. கம்பி கட்டிய மரத்தின் பட்டை உரிந்து கிடந்தது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. வைத்தவர் யாரென்று பிறகு தெரிந்தது. இரண்டு ஏக்கர் மரவள்ளி போட்டவர். அவருக்குச் சிறுத்தை மேல் ஒரு கோபமும் கிடையாது.

துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓடலாம். கம்பி சத்தம் போடாது. காவலர்கள் குச்சியால் புதரை விலக்கி விலக்கி நடந்துதான் எடுக்க வேண்டும். உங்கள் பயிரைப் பன்றி அழித்தால் வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள். தாமதமானால் மறுபடி போய்க் கேளுங்கள். கம்பி மட்டும் வேண்டாம்.

இன்னொரு பயணி: குழந்தைகளோடு வருகிறோம். புலி பார்க்க எந்த மாதம் நல்லது?

மேலே சொல்லிவிட்டேன். சாலையில் நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

லாரி ஓட்டுநர்: சத்தியமங்கலம் காட்டு வழியே போகும் திம்பம் மலைப்பாதையை இரவில் ஏன் மூட வேண்டும்?

வண்டியில் அடிபட்டுச் செத்த விலங்குகளை நான் தூக்கியிருக்கிறேன். உயர் நீதிமன்றம் சொல்லி 2022 பிப்ரவரியிலிருந்து அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சிரமம் புரிகிறது. ஆனாலும் தடை சரி என்பதே என் கருத்து.

காட்டுக்குள் பிறந்த இளைஞர்: எங்கள் தாத்தா காலத்திலும் புலி இருந்தது, நாங்களும் இருந்தோம். இப்போது உள்மண்டலம், அதாவது புலிக்கென்று ஒதுக்கிய நடுக்காடு என்று சொல்லி எங்களை மட்டும் ஏன் வெளியே போகச் சொல்கிறீர்கள்?

தம்பி, உங்களைப் போகச் சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமை இல்லை. 2006 திருத்தத்திலேயே அது இருக்கிறது. முதலில் வன உரிமைச் சட்டப்படி உங்கள் உரிமையை முடிவு செய்ய வேண்டும். கிராம சபை சம்மதிக்க வேண்டும். அப்புறமும் நீங்களாக விரும்பினால்தான் இடமாற்றம். குடும்பத்துக்கு 10 லட்சமாக இருந்த தொகை 2021-இல் 15 லட்சமானது.

நகரத்து இயற்கை ஆர்வலர்: ஐயா உணர்ச்சிவசப்படுகிறார். மனிதர் இல்லாத காட்டில்தான் புலி பெருகும்.

பெண் புலி குட்டி போட்டு வளர்க்க அமைதியான இடம் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அமைதியைக் காப்பவர் யார்? என் சரகத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பெரும்பாலோர் இருளர், குறும்பர் பழங்குடிகள். புல் மடங்கியிருப்பதைப் பார்த்து, புலி போய் எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்கிறவர்கள். பக்கத்திலேயே கர்நாடகத்தின் பிலிகிரிரங்கா மலையில் சோளிகர் பழங்குடிகளுக்கு 2011-இல் புலிக் காப்பகத்துக்குள்ளேயே வன உரிமை கொடுத்தார்கள். அங்கே புலி ஒழிந்துவிடவில்லை.

அதே ஆர்வலர்: அப்படியானால் யாரும் வெளியே வரவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் வேண்டும் என்று தாங்களே கேட்டு வந்த குடும்பங்களும் உண்டு. நல்ல நிலம் கிடைத்தவர்கள் நன்றாக இருக்கிறார்கள். பணத்தை இடைத்தரகரிடம் இழந்து கூலிக்குப் போனவர்களையும் என் கண்ணால் பார்த்தேன். அவர்களில் ஒருவர் என்னிடம் எட்டு வருடம் காவலராக இருந்தவர். போகிறவர்கள் விரும்பிப் போக வேண்டும், சொன்னதெல்லாம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். இது இரண்டும் இல்லாத இடமாற்றம் தப்பு. இதற்கு மேல் இந்த விவாதத்தை இழுக்க வேண்டாம்.

செய்தி வாசகர்: 2021-இல் மசினகுடிப் பக்கம் ஆட்களைக் கொன்ற, டி23 என்று எண் வைத்த புலியை ஏன் சுடவில்லை?

சட்டப்படி புலியைச் சுடுவது கடைசி வழி. தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணம் காட்டி எழுத்தில் உத்தரவிட வேண்டும். அந்தப் புலியை மூன்று வாரம் தேடி அக்டோபர் 15-இல் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். ஆட்களைப் பறிகொடுத்த ஊரின் கோபம் நியாயம். உயிரோடு பிடித்ததும் நல்ல வேலைதான்.

புகைப்படக்காரர்: புலி எங்கே...

இது மூன்றாவது தடவை. எடுத்த படத்தில் இடத்தின் பெயரையும் போடாதீர்கள்.

வேலை தேடுபவர்: வனக்காப்பாளர் ஆக என்ன செய்ய வேண்டும்?

இப்போது டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் வருகிறது. அறிவிப்பைப் பாருங்கள். நடக்கப் பழகுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி: அப்பா வேட்டைத் தடுப்பு முகாமில் இருக்கிறார். அங்கே போன் கிடைக்காது. ராத்திரி என்ன செய்வார்கள்?

இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள் அம்மா. முகாமைச் சுற்றி யானை தாண்ட முடியாதபடி அகழி வெட்டியிருக்கும். அதன்மேல் போட்ட பலகையை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்கள். விறகடுப்பில் சோறு, பெரும்பாலும் பருப்போ கருவாடோ. அன்றைக்கு நடந்த வழி, பார்த்த தடம் எல்லாவற்றையும் ஒருவர் குறிப்பேட்டில் எழுதுவார். குறித்த நேரத்தில் வயர்லெஸ்ஸில் ஒவ்வொரு முகாமாகக் கூப்பிடுவார்கள். 'எல்லாரும் இருக்கிறோம்' என்று உங்கள் அப்பா சொல்வார். அது வருகிறவரை சரக அலுவலகத்தில் நாங்கள் சாப்பிட உட்காரமாட்டோம்.