டெலிகிராம் புதுப்பித்த பிறகு டேட்டா கரைகிறதா?

வணக்கம் தம்பி. கணினியில் டெலிகிராமைப் புதுப்பித்ததிலிருந்து வெள்ளவத்தை வீட்டில் மாத நடுவிலேயே டேட்டா முடிவதாகவும், சி டிரைவ் நிறைவதாகவும் எழுதியிருந்தீர்கள். புதிய பதிப்பைத் திட்டுமுன் செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதியைத் திறந்து பாருங்கள். படங்களும் கோப்புகளும் தானாக இறங்குவதற்கான அமைப்பு அங்கே தனி அரட்டை, குழு, சனல் என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றது நிற்காது. குழுவை நிறுத்திவிட்டு சனலை மறந்துவிட்டால், அது தொடர்ந்து டேட்டாவைக் குடிக்கும். வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

டிரைவுக்கு, அதே பகுதியில் ‘மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்’ இருக்கிறது. அதில் அழித்தால் அரட்டை போகாது, எல்லாம் சேவரில் இருக்கும். ஆனால் பழைய படத்தைத் திறந்தால் மறுபடி இறங்கும். அதனால் மாதக் கடைசியில் அதில் கை வைக்காதீர்கள். டவுன்லோட்ஸில் ‘டெலிகிராம் டெஸ்க்டொப்’ என்ற ஃபோல்டர் வேறு இருக்கும், அதையும் பாருங்கள்.