ஹாம்ஸ்டர் கூண்டு வாங்கும் முன்: கேள்வி பதில்

எலி மாதிரி இருக்கும் குட்டிச் செல்லப்பிராணி ஹாம்ஸ்டர், இதுவரை ஏழு வளர்த்தாகிவிட்டது. முதல் இரண்டுக்கு நான் கொடுத்ததைக் கூண்டு என்றே சொல்லக்கூடாது, சோப்பு டப்பா. அந்தப் பாவம் தீரட்டும் என்று, கூண்டு பற்றி யார் கேட்டாலும் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

கடையில் ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலத்தில் இரண்டு மாடிக் கூண்டு கொடுத்தார்கள். சறுக்கு, சக்கரம் எல்லாம் இருக்கிறது. போதுமா அக்கா? (தாம்பரம்)

போதாது தம்பி. சறுக்கைப் பார்த்து மயங்குவது நாம்தான், ஹாம்ஸ்டர் இல்லை. தரைப் பரப்பைப் பாருங்கள். ஜெர்மனியில் விலங்கு நலனுக்காக இயங்கும் கால்நடை மருத்துவர் சங்கம், குறைந்தது 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் வேண்டும் என்கிறது. தரை மட்டும் 5,000 சதுர செ.மீ. உங்களுடையது ஏறத்தாழ 45-க்கு 30, அதாவது 1,350. மாடியையும் கூட்டிக் கணக்குக் காட்டுவார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹாம்ஸ்டருக்குப் பார்வை மங்கல், உயரம் பிடிபடாது. மேல்தட்டின் விளிம்பைத் தாண்டி அப்படியே காலை வைத்துவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்குக் கம்பியைக் கடிக்க ஆரம்பிக்கிறது. பல் வளர்வதால்தானே? மரத்துண்டு வைத்தும் நிற்கவில்லை. (மதுரை)

பல் வளர்வது உண்மைதான். ஆனால் மரத்துண்டை விட்டுவிட்டுக் கம்பியிடம் போகிறது என்றால் சங்கதி வேறு. கடையில் கிடைக்கும் பெரிய ரகம் சிரியன் ஹாம்ஸ்டர். 1930-இல் சிரியா நாட்டின் அலெப்போ அருகே வளையைத் தோண்டிப் பிடித்த ஒரு குடும்பத்தின் வாரிசுகள்தான் இன்று வீடுகளில் வளர்வதில் பெரும்பாலானவை. அந்த ஊர் வயல்களில் அதன் வளை அரை மீட்டருக்கும் கீழே இறங்கும். அப்படிப்பட்ட பிராணிக்கு நாம் இரண்டு பிடி மரத்தூளைப் போட்டுவிட்டு, ஏன் கடிக்கிறது என்று கேட்கிறோம்.

2006-இல் வெளியான சுவிஸ் ஆய்வு ஒன்றில் 10, 40, 80 செ.மீ. என்று மூன்று ஆழங்களில் பெட்டிங், அதாவது தோண்டிப் படுக்கக் கூண்டுத் தரையில் நிரப்பும் மெத்தை, போட்டுப் பார்த்தார்கள். கம்பியை அதிகம் கடித்தவை 10 செ.மீ.யில் இருந்தவை.

என் மூன்றாவது ஹாம்ஸ்டருக்கு 25 செ.மீ. ஆழத்துக்குக் காகித பெட்டிங் நிரப்பிக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆளைக் காணோம். பயந்துபோய்த் தேடினால், கண்ணாடியை ஒட்டி ஒரு சுரங்கம், அதன் முனையில் ஈரமான ரோஸ் நிற மூக்கு. பக்கத்தில் முதல் நாள் போட்ட சூரியகாந்தி விதை முழுக்க அடுக்கிக் கிடந்தது. ஒரு வாரத்தில் கம்பிச் சத்தமும் நின்றது.

வீட்டில் பழைய மீன் தொட்டி இருக்கிறது, 4 அடிக்கு ஒன்றரை அடி. ஹாம்ஸ்டருக்கு ஆகுமா? (கோவை)

தாராளமாக! சுமார் 5,500 சதுர செ.மீ. வருகிறது. கம்பிக் கூண்டை விட ஆழமாக பெட்டிங் போடவும் முடியும். மேலே கண்ணாடி மூடி மட்டும் வேண்டாம், காற்று நின்றுவிடும். மரச்சட்டம் அடித்து அதில் கம்பி வலை இறுக்குங்கள். மூடாமல் விட்டால் வெளியே வரும், பூனையும் உள்ளே போகும்.

பெட்டிங்கைச் சமமாகப் பரப்பாமல் ஒரு பக்கம் 25 செ.மீ., மறுபக்கம் 10 செ.மீ. எனச் சரிவாகப் போடுங்கள். தாழ்ந்த பக்கம் சக்கரம். சிரியனுக்கு 28 செ.மீ. விட்டம், ட்வார்ஃப் என்னும் குட்டி ரகத்துக்கு 20. ஓடும்போது முதுகு வளைந்தால் சக்கரம் சிறியது என்று அர்த்தம். ஏணிப்படி மாதிரி கம்பி வைத்த சக்கரத்தில் கால் மாட்டும், வாங்கவே வேண்டாம்.

ட்வார்ஃப் வாங்கப் போகிறேன். கம்பி இடைவெளி எவ்வளவு இருக்கலாம்? (திருச்சி)

சிரியனுக்கு 1 செ.மீ.க்கு மேல் கூடாது, ட்வார்ஃபுக்கு 6 அல்லது 7 மி.மீ. கடைக்கு ஒரு பென்சில் எடுத்துப் போங்கள். கம்பிக்கு இடையில் அது சுலபமாக நுழைந்தால் அந்தக் கூண்டு வேண்டாம். என் இரண்டாவது ஹாம்ஸ்டர் அப்படித்தான் தப்பித்தது. மூன்று நாள் கழித்து அரிசி மூட்டைக்குப் பின்னால், கன்னம் இரண்டும் புடைக்கப் புடைக்க உட்கார்ந்திருந்தது. அதற்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, எனக்குத்தான் தூக்கம் போனது.

ஜோடியாகத்தான் தருவோம் என்கிறார்கள். பெரிய கூண்டாக வாங்கினால் இரண்டும் சேர்ந்து இருக்குமா? (சேலம்)

சிரியன் என்றால் இருக்காது. எவ்வளவு பெரிய கூண்டானாலும் வளர்ந்தபின் சண்டை போடும், சாகும்வரைகூடக் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் 16 நாளில் குட்டிகள் வேறு. இரண்டு வாங்கினால் இரண்டு கூண்டு.

தச்சுப் பட்டறையில் மரச்சீவல் சும்மா கிடைக்கிறது. போடலாமா? (தஞ்சாவூர்)

வேண்டாம். எந்த மரம், எந்தப் பசை, எந்தப் பாலிஷ் என்று யாருக்குத் தெரியும்? வாசனை வரும் எந்தச் சீவலும் அதன் மூச்சுக்கு ஆகாது. அச்சு மை இல்லாத காகிதத்தைக் கிழித்துப் போடலாம். பஞ்சு வைக்காதீர்கள், நூல் காலில் சுற்றிக்கொள்ளும். ஹாம்ஸ்டர் புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும் குளியல் மணலுக்கு எம்-சாண்ட் ஆகாது, கூர்மையாக இருக்கும். சலித்துக் கழுவி, வறுத்து ஆறவைத்த ஆற்று மணல் போதும். சுத்தம் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். ஈரமான மூலையை மட்டும் அள்ளுங்கள். தன் வாசனை போய்விட்டால் அதற்கு வேறு யார் வீட்டிலோ இருப்பது போல ஆகிவிடும்.

மே மாதம் கூண்டை எங்கே வைப்பது? எறும்பும் வருகிறது. (வேலூர்)

20 முதல் 24 டிகிரிதான் அதற்கு இதம். வேலூர் மேயில் அது நடக்காது, தெரியும். வீட்டிலேயே குளிர்ந்த அறையில், தரையோடு, வெயிலே படாத சுவர் ஓரம் வையுங்கள். கண்ணாடித் தொட்டியில் வெயில் விழுந்தால் சிறிது நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. உள்ளே ஒரு டைல்ஸ் துண்டு போட்டால் அதன்மேல் படுத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, கூண்டுக்கு வெளியே ஒட்டி வைக்கலாம். மின்விசிறிக் காற்று நேரே அடிக்கக்கூடாது.

எறும்புக்கு மருந்து, சாக்பீஸ் எதுவும் கிட்டே கொண்டுபோக வேண்டாம். கூண்டைக் குட்டையான ஸ்டூல்மேல் ஏற்றி, நான்கு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். சாயங்காலம் ஹாம்ஸ்டர் எழுந்ததும், அது வளைக்குள் ஒளித்த வெள்ளரித் துண்டு இருக்கிறதா பாருங்கள். எறும்பு தேடி வருவது பெரும்பாலும் அதற்குத்தான்.