34 வயதில், காமர்ஸ் படித்தவர், சேலத்தில் நர்சிங் சேர முடியுமா?

கேள்வியின் சுருக்கம்: வயது 34. பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். அம்மாபேட்டையில் ஒரு கிளினிக்கில் சில வருடங்களாக உதவியாளர் வேலை. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், அம்மா வீடு ஏற்காட்டில். இனிமேல் முறையாகப் படித்து நர்ஸ் ஆக முடியுமா? எந்தக் கோர்ஸ்?

முடியும். ஆனால் தள்ளிப்போட உங்களிடம் காலம் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஏஎன்எம் (துணை நர்ஸ், தாதிப் படிப்பு), ஜிஎன்எம் (பொது நர்சிங், தாதிமை டிப்ளமோ), பி.எஸ்சி. நர்சிங் (பட்டப் படிப்பு) மூன்றுக்கும் சேர்க்கை வயது 17-இல் தொடங்கி 35-இல் முடிகிறது. அரசு இடங்களுக்கு மாநில அறிவிப்பில் வயது வரம்பைத் தனியாகப் போடுவார்கள். அதனால் அந்த வருட விளக்கக் குறிப்பேடு வந்ததும் வயது பற்றிய பத்தியையும், எந்தத் தேதியை வைத்து வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதையும் முதலில் பாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். கல்யாணம் ஆனது தடையே இல்லை.

பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், இப்போது எட்டு செமஸ்டர். அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 சதவீதம் வேண்டும், ஆங்கிலத்தில் தேர்ச்சியும் வேண்டும். காமர்ஸ் குரூப்புக்கு அது நேரடியாகக் கிடைக்காது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சயின்ஸ் பாடங்கள் எழுதிவிட்டு வரலாம், விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்குள் உங்களுக்கு 35 தாண்டிவிடும். 25 வயதுக்காரருக்கு நல்ல யோசனை, உங்களுக்கு இல்லை.

உங்களுக்குச் சரியானது ஜிஎன்எம். மூன்று வருடம், கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். எந்தக் குரூப்பாக இருந்தாலும் பிளஸ் டூவில் ஆங்கிலமும் மொத்தத்தில் 40 சதவீதமும் இருந்தால் போதும். முடித்து மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தபின் இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டதாரியும் ஆகலாம். ஏஎன்எம் இரண்டு வருடம், பெண்களுக்கு மட்டும். அதில் அதிகம் பேர் கவனிக்காத ஒரு வசதி உண்டு: பதிவு பெற்ற ஏஎன்எம் பிறகு ஜிஎன்எம் சேரும்போது கவுன்சில் விதியில் வயது உச்சவரம்பு கிடையாது. மூன்று வருடம் சேர்ந்தாற்போல் ஒதுக்க வீட்டுச் சூழல் இடம் தராவிட்டால் இந்த வழியை யோசியுங்கள். ஆனால் ஏஎன்எம் சேர்வது 35-க்குள் இருக்க வேண்டும்.

அடுத்தது ஏமாற்று விஷயம். "ஒரு வருட நர்சிங் டிப்ளமோ, வயது தடையில்லை, நூறு சதவீதம் வேலை" என்று போஸ்டர் பார்த்திருப்பீர்கள். அதில் கிடைக்கும் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர்கள் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லையென்றால் சட்டப்படி நீங்கள் நர்ஸ் இல்லை; அரசு வேலைக்கோ வெளிநாட்டுக்கோ மனுவே போட முடியாது, தனியார் மருத்துவமனையிலும் உதவியாளர் சம்பளம்தான். அந்தச் சம்பளம் உங்களுக்கு இப்போதே வருகிறது. பணம் கட்டும் முன் கல்லூரியில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "படிப்பு முடிந்ததும் ஆர்.என்.ஆர்.எம். (பதிவு பெற்ற நர்ஸ், தாதி) பதிவு கிடைக்குமா, உங்கள் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா?" பதிலை வாயால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். அப்படியே எந்த மருத்துவமனையில் கிளினிக்கல் போஸ்டிங் (வார்டு பயிற்சி) என்றும் கேளுங்கள். படுக்கை நிறைய உள்ள பெரிய மருத்துவமனையில் பயிற்சி இல்லாத கல்லூரியில் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கை பழகாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் ஒரு மாதத்தில் பார்க்கும் கேஸ்களைச் சின்ன நர்சிங் ஹோமில் ஒரு வருடத்திலும் பார்க்க முடியாது. கட்டணத்தை மொத்தமாக எழுதி வாங்குங்கள்: ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம், ரெக்கார்டு நோட்டு, தேர்வுக் கட்டணம், போஸ்டிங்குக்குப் போகும் பஸ் எல்லாம் அதில் வர வேண்டும்.

பல வருட இடைவெளிக்குப் பிறகு விண்ணப்பிப்பவர்கள் மாட்டிக்கொள்வது பேப்பரில்தான். மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல் என்றால் கடைசி நேரத்தில் ஓட வேண்டியிருக்கும். இப்போதே ஆதாரை மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். டி.சி. காணாமல் போயிருந்தால் நகல் வாங்க நாளாகும், பள்ளியில் இன்றே விசாரியுங்கள். படிப்பு இடைவெளிக்கு நோட்டரி கையெழுத்துடன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் கேட்பார்கள். சாதி, வருமானம், இருப்பிடச் சான்றுகள் இ-சேவை மையம் வழியாக வரும். சேர்வராயன் மலையில் மலையாளி பழங்குடிச் சமூகத்தைச் (கேரளக்காரர்கள் அல்ல) சேர்ந்தவர்கள் கவனிக்க: பழங்குடியினர் சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை முடிய நேரம் எடுக்கும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் நாலு செட் நகல் எடுத்துக்கொண்டு, ஒப்படைத்ததற்கு ரசீதும் வாங்குங்கள்.

கிளினிக் அனுபவம் உதவுமா? ஊசியைப் பார்த்துப் பயப்பட மாட்டீர்கள், அந்த அளவுக்கு உதவும். ஆனால் கிளினிக்கில் பழகிய சில வழக்கங்கள் வார்டில் ஆபத்து. போட்ட ஊசிக்கு மறுபடி மூடி மாட்டுவது அதில் முதல். மூடாமல் அப்படியே, ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். டிரிப் ட்யூப் சிவப்புப் பைக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு. கையில் குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது. சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்தில் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

கணக்குதான் வயதில் வருகிறவர்களை அதிகம் தடுமாற வைக்கும். 500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் போக வேண்டும், டிரிப் செட்டில் (பாட்டிலோடு மாட்டும் ட்யூப்) ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால்: 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. செட் பாக்கெட்டில் 15 சொட்டு என்று அச்சிட்டிருந்தால் அதே கணக்கு 31 ஆகும். பாக்கெட்டைப் பார்க்காமல் 42 வைத்தால் பாட்டில் மூன்று மணி நேரத்தில் காலி. இதயம் பலவீனமான நோயாளிக்கு அது மூச்சுத்திணறல்.

இன்சுலினில் இதைவிட மோசம். குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் என்றால் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் என்றால் ஆரஞ்சு மூடி. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். மாற்றிச் செய்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், 50 யூனிட் போய்விடும். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கும். சேரும் முன்பே தினமும் இப்படி ஐந்து கணக்கு போட்டுப் பழகுங்கள். பாடம் ஆங்கிலத்தில்தான், உடற்கூறியலும் உடலியங்கியலும் முதல் வருடத்திலேயே வரும். தேர்ச்சிக்கு ஒவ்வொரு பாடத்திலும் 50 சதவீதம். வகுப்பு வருகை 80 சதவீதம் இருக்க வேண்டும், வார்டு பயிற்சியில் விட்ட நாளை ஈடு செய்தே தீர வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எடுக்கும் லீவு கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ், முடிக்க அரை வருடம் ஆகும். கிளினிக்கில் இருக்கும்போதே முதல் டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் அம்மா வீட்டில் தங்கி, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி தினமும் காலை ஷிஃப்டுக்கு வரலாம் என்று நினைத்தால் வேண்டாம். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைத்தால் வருகை போய்விடும். பிள்ளைகளோடு சேலத்திலேயே இருங்கள், தேர்வு மாதங்களிலும் நைட் டியூட்டி வாரங்களிலும் அம்மாவைக் கீழே வரச் சொல்லுங்கள். யார் பள்ளிக்கு அழைத்துப் போவது, யார் இரவில் கூட இருப்பது என்பதை விண்ணப்பம் போடும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடியுங்கள். முதல் வருடத்தைச் சமாளித்துவிடுவார்கள், நைட் டியூட்டி தொடங்கும்போதுதான் வீட்டில் சண்டை வரும்.