குழுவில் பத்தி எழுதச் சொன்னால் ஃபார்வர்டை ஒட்டுகிறார்களா?

சார், மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஒரு பத்தி எழுதச் சொன்னால், எங்கிருந்தோ வந்த ஃபார்வர்டை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் தலைப்பை மாற்றுங்கள். ‘நூலகத்தின் பயன்’ என்று கொடுத்தால் ஒட்டத்தான் செய்வார்கள். ‘இன்று காலை பஸ்ஸில் நடந்த ஒன்றை, அங்கே இல்லாத அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நான்கு வரியில் எழுது’ என்று கேட்டுப் பாருங்கள், ஒட்டுவதற்கு எங்கும் கிடைக்காது.

அப்புறம் திருத்துவது. எல்லாப் பிழையையும் எல்லோர் முன்னாலும் சுட்டினால் மறுநாள் யாரும் எழுத மாட்டார்கள். வாரத்துக்கு ஒரே ஒரு பிழை போதும்: ‘அந்த பையன்’ இல்லை, ‘அந்தப் பையன்’; அந்த, இந்த, எந்த என்பதற்குப் பின் க, ச, த, ப வரிசை வந்தால் ஒற்று மிகும், அந்த வாரம் அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம் என்பதால், நண்பர் ஒருவர் படித்துச் சொல்ல, எழுதியவரே அதற்குள் சரிசெய்யட்டும். நிஜமான பயிற்சி அந்த 15 நிமிடம்தான்.

ஓரளவு கை பழகியவர்களைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அனுப்புங்கள். சொந்த ஊர்க் கட்டுரையில் ஒரு பத்தி சேர்த்தால், முன்பின் தெரியாதவர் வந்து சான்று கேட்கலாம், வாக்கியத்தை வெட்டலாம். யார் எதை மாற்றினார்கள் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் விழும் லைக்கை மட்டும் மதிப்பெண்ணோடு சேர்த்துவிடாதீர்கள், கூச்சப்படுகிற பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள்.