மகள் வீட்டுக்கு ஆஃப்ஸ்டெட் வருகிறது

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். மருமகன் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு வயதில் பேரன். வாடகை வீடுதான். வீட்டிலேயே மற்றவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் சைல்ட்மைண்டர் வேலைக்கு மகள் எழுதிப் போட்டிருக்கிறாள். ஆஃப்ஸ்டெட் என்கிற அரசு அமைப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் வீட்டைப் பார்க்க வருகிறாராம். குழந்தைகளை எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பாலிசி பாலிசியாக எழுதி ஃபைல் போடுகிறாள், போன் எடுத்தால் அழுகிறாள். நான் அங்கன்வாடி டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். சூப்பர்வைசர் வந்தால் ரெஜிஸ்டர் சரியாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். அங்கேயும் அப்படித்தானா? நான் போய்க் கூட இருந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் அவளுக்குச் சுமை குறையுமே?
ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

பதில்: முதலில் உங்கள் டிக்கெட் விஷயம். விசிட்டர் விசாவில் போய் வேலை செய்யக் கூடாது, சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான். பாட்டியாகப் போய் இருங்கள், பேரனைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊரார் பிள்ளைகளை உங்களிடம் விட்டுவிட்டு மகள் பத்து நிமிஷம் கடைக்குப் போனாலும் தப்பு. அந்த வீட்டில் குடியிருக்கும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் குற்றப் பின்னணி சரிபார்ப்பு உண்டு. வெளிநாட்டில் வாழ்ந்தவர் என்றால் அந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். மாதக்கணக்கில் தங்குவதாக இருந்தால் மகள் முன்கூட்டியே ஆஃப்ஸ்டெட்டிடம் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது.

அப்புறம் அந்த ஃபைல். சித்தூருக்குத் திரும்பி வருவதற்கு முன் நான் லண்டன் குராய்டனில் இதே வேலைதான் பார்த்தேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன், ராத்திரி கண் விழித்து எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். 2024 ஜனவரியிலிருந்து சைல்ட்மைண்டர்களுக்கென்றே தனி விதிமுறைப் புத்தகம் வந்துவிட்டது. நர்சரிக்கான புத்தகம் வேறு, அதைப் படித்துக் குழம்பக் கூடாது. பாலிசிகளை எழுதி வைத்திருக்கத் தேவையில்லை, கேட்டால் விளக்கத் தெரிய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. சில பதிவுகள் கட்டாயம்தான்: குழந்தை வந்த நேரம், போன நேரம், அடிபட்டால் அதன் விவரம், கொடுத்த மருந்து, பெற்றோர் போன் நம்பர். அது ஒரு நோட்டில் அடங்கும். உங்கள் அங்கன்வாடியில் ரெஜிஸ்டர் பேசும், அங்கே உங்கள் மகள் வாய் திறந்து பேச வேண்டும். இணையத்தில் விலைக்கு விற்கும் பாலிசிக் கட்டை வாங்கி அடுக்கியவர்கள்தான் "இதில் என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் விழிப்பார்கள்.

என்ன கேட்பார்கள்? "திங்கட்கிழமை காலையில் ஒரு குழந்தை கையில் கன்றிப்போன தழும்போடு வருகிறது. என்ன செய்வீர்கள்?" நம் ஊர்ப் பழக்கத்தில் "அவங்க அம்மாவிடம் பக்குவமாகப் பேசுவேன்" என்று சொல்லத் தோன்றும். அது மட்டும் போதாது. பார்த்ததை, குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு எழுத வேண்டும். குடைந்து குடைந்து கேட்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் உள்ளூர்க் கவுன்சிலின் குழந்தைகள் நலப் பிரிவுக்குச் சொல்ல வேண்டும், அந்த நம்பர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று காட்டவும் வேண்டும்.

அடுத்த கேள்விதான் நம்மவர்களை உலுக்கும். "உங்கள் கணவர் மேலேயே ஒரு புகார் வந்தால்?" என்னிடம் கேட்டபோது என் வீட்டுக்காரர் பக்கத்து அறையில் இருந்தார், எனக்குச் சுருக்கென்றது. இது எல்லோரிடமும் கேட்கும் கேள்வி, கோபப்பட ஒன்றுமில்லை. "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்பது பதிலே ஆகாது. வீட்டில் யார் மேல் அப்படிப் புகார் வந்தாலும் தாமதிக்காமல், அதிகபட்சம் 14 நாளுக்குள் ஆஃப்ஸ்டெட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். கவுன்சிலில் இதற்கென்றே ஓர் அதிகாரி இருக்கிறார், லாடோ என்பார்கள், அவருக்கும் சொல்ல வேண்டும். இதை மகளும் மருமகனும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு தடவை வாய்விட்டுப் பேசிவிட்டால் அன்றைக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளாது.

அடிக்கும் பேச்சே கூடாது. "அடியாத மாடு படியாது" என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே லேசாகத் தட்டுவதும் இல்லை, "அடி விழும் பார்" என்று மிரட்டுவதும் இல்லை, இரண்டுமே விதியில் தடை. நீங்கள் அங்கே இருக்கும்போது பேரனிடம் செல்லமாகக்கூட அப்படிச் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள். என் வீட்டுக்கு வந்த அம்மாள் ஹாலில் தரையில் மண்டியிட்டு, குழந்தையின் கண் மட்டத்தில் சுற்றும் முற்றும் பார்த்தார். ஜன்னல் திரையின் கயிறு தொங்குகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தார். கழுத்தில் மாட்டும் ஆபத்து அது. சமையலறையில் என் அரிவாள்மணையைப் பார்த்துவிட்டு இது என்ன ஆயுதம் என்றார். உட்கார்ந்து அரை மூடி தேங்காய் துருவிக் காட்டினேன். சிரித்தார். ஆனால் குழந்தைகள் இருக்கும் நேரத்தில் இது எங்கே இருக்கும் என்று கேட்டு, நான் காட்டிய பூட்டுப் போட்ட அலமாரியைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அறைக்குப் போனார். பூஜை அலமாரியையும் மகள் ஒரு பார்வை பார்க்கட்டும்: தீப்பெட்டி, கற்பூரம், விளக்கு எண்ணெய். புடவைக்கு நடுவே போட்ட அந்துருண்டை குழந்தைக்கு மிட்டாய் மாதிரிதான் தெரியும். மற்றபடி வீடு ஓட்டல் மாதிரி பளபளக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கணக்கு ஒன்று. 8 வயதுக்குக் கீழே மொத்தம் 6 குழந்தைகள் வரை பார்க்கலாம். அதில் இன்னும் பள்ளி வயதாகாத சின்னவர்கள் பொதுவாக 3 பேர், அந்த மூவரில் ஒரு வயது நிரம்பாதது ஒன்றுதான். சொந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும். ஆக, உங்கள் பேரன் போக இரண்டு சின்னக் குழந்தைகள்தான். வருமானத்தை மூன்றால் பெருக்கி வைத்திருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளட்டும்.

முதலுதவிப் படிப்பு குழந்தைகளுக்கான 12 மணி நேரப் படிப்பாக இருக்க வேண்டும், 3 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கட்டாயம். வாடகை வீடு என்பதால் வீட்டு உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். அடையாளச் சான்றுகளை மேசை மேல் எடுத்து வைத்துவிட்டால் அவ்வளவுதான்.

இது பதிவுக்கு முந்தைய வருகை, இதில் கிரேடு எதுவும் கிடையாது. பதிவு ஆகி, குழந்தைகள் வர ஆரம்பித்த பிறகு இன்னொரு ஆய்வு உண்டு. அதற்கு சில நாள் முன்பு போன் வரும். அன்று இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டுவதைவிட மகள் குழந்தையோடு எப்படிப் பேசுகிறாள் என்று பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பதுதான் அதிகம்.

கேள்வி: என் தங்கையும் அங்கே இதே வேலைதான் செய்கிறாள். இட்லி, ரசம் சாதம் கொடுத்தால் இன்ஸ்பெக்டர் குறை சொல்வாரா? வருகிறவருக்கு நாம் ஏதாவது கொடுக்கலாமா?
வாசகி, கோவிந்தாபுரம்

பதில்: இட்லியில் என்ன குறை? உப்பும் காரமும் குறைத்துக் கொடுங்கள். எந்தக் குழந்தைக்கு எது ஒவ்வாது என்று குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் முன்பே பெற்றோரிடம் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். பொங்கலில் முழு முந்திரி வேண்டாம், 5 வயதுக்குள் முழுக் கொட்டைப்பருப்பு வகை தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள். ஒரு வயதாகாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. சாப்பிடும்போது தங்கையின் கண்ணும் காதும் குழந்தைகள் மேலேயே இருக்க வேண்டும், அந்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கப் போகக் கூடாது.

வருகிறவருக்கு டீ வேண்டுமா என்று கேட்கலாம். சூடான கோப்பையைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துக் கொடுங்கள், அதையும் அவர் கவனிப்பார். கிளம்பும்போது முறுக்கு, அதிரசம் என்று பொட்டலம் கட்டி நீட்ட வேண்டாம், வாங்க மாட்டார்.